நினைவகக் கசிவு: கட்டளை வரிக் கருவிகளில் அதனைக் கண்டறியும் முறை

திருமணம் நடைபெறும் வீட்டார் அண்டாக்களையும் தவலைகளையும் பாத்திரக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வருவதை நாம் அறிவோம். எந்த அண்டா எவரிடம் சென்றது என்பதைக் கடைக்காரர் தமது பேரேட்டில் குறித்து வைக்கிறார். எடுத்துச் சென்றவரோ, அந்த அண்டா வீட்டின் எந்த மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொள்கிறார். அச்சீட்டு தொலைந்துவிட்டால் நிகழ்வது யாது? அண்டா அவர் வீட்டிலேதான் இருக்கிறது. ஆனால் எங்கிருக்கிறது என்பதை அவர் அறியார். ஆகவே அதனைப் பயன்படுத்தவும் இயலாது, திருப்பித் தரவும் இயலாது. பேரேட்டின்படி அது இன்னும் அவரிடம் இருப்பதால், கடைக்காரர் அதனைப் பிறருக்குக் கொடுக்க முடியாது. நாள்தோறும் ஒரு சீட்டு தொலையுமாயின், சில திங்களில் கடை காலியாகிவிடும்.

கணிப்பொறியில் நினைவகக் கசிவு எனப்படும் குறைபாடு இதுவேயாகும். கசிவு என்னும் சொல் சற்றே தவறான எண்ணத்தைத் தருகிறது என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். ஓட்டைக் குடத்திலிருந்து நீர் வெளியேறிவிடுகிறது. நினைவகமோ எங்கும் வெளியேறுவதில்லை. அது நிரலின் கையிலேயே, எவருக்கும் பயனின்றித் தங்கிவிடுகிறது. எனினும் பெயர் நிலைத்துவிட்டமையால் நாமும் அதனையே ஆளுவோம்.

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெல் ஆராய்ச்சி நிலையத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், நிரல் தனக்கு வேண்டிய நினைவகத்தை 'மாலக்' என்னும் செயற்கூற்றின் வாயிலாகக் கேட்டுப் பெறுகிறது. வேலை முடிந்தபின் 'ஃப்ரீ' என்னும் செயற்கூற்றின் வாயிலாகத் திருப்பித் தருகிறது. கேட்டுப் பெற்ற துண்டின் முகவரி ஒரு மாறியில் வைக்கப்படுகிறது. நாம் மேலே கூறிய சீட்டு இம்முகவரிதான். முகவரி அழிந்தால் துண்டு தொலைந்தது. இத்தொல்லையை நிரல் எழுதுவோர்மீது சுமத்தாமல், பயனற்ற துண்டுகளைப் பொறியே தேடித் திரட்டிக்கொள்ளும் முறையை ஜான் மக்கார்த்தி 1959ஆம் ஆண்டளவிலேயே லிஸ்ப் மொழிக்காக வகுத்தார். பைத்தான், ஜாவா முதலிய மொழிகளில் இன்று அத்தகைய ஏற்பாடு உண்டு. ஆயினும் அம்மொழிகளில் எழுதுவோர் முற்றும் அச்சமின்றி இருக்கலாகாது. வேண்டாத பொருள்களை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், சீட்டு தொலையாவிட்டாலும் அண்டாக்கள் வீட்டிலேயே குவியும்.

கட்டளை வரிக் கருவிகள் என்பவை, ஷெல் என்னும் கட்டளை ஏற்பியில் பெயரைத் தட்டெழுதி இயக்கப்படும் சிறு நிரல்கள். அவற்றில் நினைவகக் கசிவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து பெரும்பாலும் சரியானதே. ஏனெனில் ஒரு நிரல் முடிவுற்றவுடன், அது பெற்றிருந்த நினைவகம் முழுவதையும் இயங்குதளம் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. குடியிருப்போர் வீட்டைக் காலி செய்தபின் கடைக்காரரே வந்து எல்லா அண்டாக்களையும் வாரிக்கொண்டு போவதற்கு இது ஒப்பாகும். அரை வினாடியில் முடிந்துவிடும் கருவி ஒன்று பத்துத் துண்டுகளைத் திருப்பித் தராவிட்டால் கேடு ஒன்றும் இல்லை. முடியப்போகும் தறுவாயில் ஒவ்வொரு துண்டையும் எண்ணித் தருவது வீண் வேலை என்று கருதி, வேண்டுமென்றே விட்டுவிடும் கருவிகளும் உண்டு. அதே கருவியை ஆயிரக்கணக்கான கோப்புகளின்மீது ஒரே ஓட்டமாக, இரவு முழுவதும் இயக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது.

சிறு கசிவு எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு லண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒன்று சான்றாக இருக்கிறது. அந்நகரின் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் பணிக்காக 1992 அக்டோபர் 26 அன்று புதிய கணிப்பொறி அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நவம்பர் 4 அதிகாலையில் அவ்வமைப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து, முற்றிலும் நின்றுபோயிற்று. பணியாளர் மீண்டும் காகிதத்தையும் பேனாவையும் நாட நேர்ந்தது. 1993இல் வெளியான விசாரணை அறிக்கை காரணத்தை விளக்கியது: சுமார் மூன்று வாரங்களுக்கு முன்னர் நிரலில் தவறுதலாக விடப்பட்ட ஒரு சிறு பகுதி, ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் கோப்பு வழங்கும் பொறியின் நினைவகத்தில் சிறிதளவைப் பிடித்துக்கொண்டு விடாமல் வைத்திருந்தது. ஒரு தடவைக்கு அளவு அற்பம். மூன்று வாரங்களில் நினைவகம் முழுவதும் தீர்ந்துவிட்டது.

எங்கள் அனுபவம்

இத்துணைப் பெரியதன்று எனினும், நான் பணியாற்றிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நிகழ்ந்ததை விரித்துக் கூறுவது வாசகர்க்குப் பயன்படும் என எண்ணுகிறேன். 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளின் மழை அளவுகளிலிருந்து ஒவ்வொரு இடத்திற்கும் சராசரியைக் கணிக்க வேண்டியிருந்தது. (உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள இயல்புநிலைக் காலம் இம்முப்பது ஆண்டுகளே.) நாளொன்றுக்கு ஒரு கோப்பாக மொத்தம் 10,958 கோப்புகள். ஒவ்வொரு கோப்பிலும் 10,000 இடங்களுக்கு 24 மணி நேர அளவுகள் இருந்தன. சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல் கோப்புகளை வரிசையாகப் படித்து, நாள் மொத்தங்களைக் குழாய் வழியே 'ஆக்' என்னும் கருவிக்கு அனுப்பும். ஆக் கருவி அவற்றைக் கூட்டிச் சராசரியை எழுதும். மாலையில் தொடங்கிவிட்டு வீடு சென்றோம். காலையில் சராசரிப் பட்டியல் ஒழுங்காக அச்சாகி இருந்தது. பிழைச் செய்தி ஒன்றும் கண்ணில் படவில்லை.

அப்பட்டியல் அன்றே மேலிடத்திற்கு அனுப்பப்பட்டிருக்கும். இளநிலை உதவியாளர் ஒருவர், சராசரியுடன் அது எத்தனை நாட்களுக்கு உரியது என்னும் எண்ணிக்கையையும் கடைசிப் பத்தியில் அச்சிடுமாறு முன்கூட்டியே செய்திருந்தார். தேவையற்ற அலங்காரம் என்று நான் அதனைக் கருதியிருந்தேன். ஒரு நாளும் விடுபடாத இடங்களுக்கு அப்பத்தியில் 10,958 என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் எந்த இடத்திற்கும் எண்ணிக்கை 6,249ஐத் தாண்டவில்லை. அதாவது எங்கள் முப்பது ஆண்டுச் சராசரி, 2008 பிப்ரவரி 9 அன்று முடிந்துபோன பதினேழு ஆண்டுச் சராசரியாக இருந்தது!

நிகழ்ந்தது இதுதான். முதல் நிரல் இடையிலேயே கொல்லப்பட்டுவிட்டது. குழாயின் மறுமுனையில் இருந்த ஆக் கருவிக்கு அது தெரியாது. உள்ளீடு முடிந்துவிட்டது என்று கொண்டு, கைக்கு வந்தவரை கூட்டிச் சராசரியை எழுதிவிட்டுத் தன் கடமை நிறைவுற்றதாக அறிவித்தது. குழாய்த் தொடரில் கடைசிக் கருவியின் முடிவெண்ணையே ஷெல் மொத்தத் தொடரின் முடிவெண்ணாகக் கொள்வது வழக்கம். ஆக் கருவியின் முடிவெண் 0, அதாவது வெற்றி. முதல் நிரல் கொல்லப்பட்ட செய்தியோ, ஒருவரும் பாராத பதிவுக் கோப்பொன்றில் கிடந்தது. 'பாஷ்' என்னும் ஷெல்லில் 'பைப்ஃபெயில்' என்னும் விருப்பத்தை இயக்கி வைத்தால், தொடரில் எந்தக் கருவி தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கொள்ளப்படும். இதனை இயக்காமல் இரவு ஓட்டங்களை அமைப்பது ஆபத்தானது என்பதை அன்று கற்றோம். நினைவகக் கசிவின் உண்மையான தீங்கு பொறி நின்றுபோவதில் இல்லை. நின்றது தெரியாமல் பிழையான விடை கையில் கிடைப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இறந்த காரணத்தை உறுதி செய்தல்

நிரல் நின்றுவிட்டால் உடனே கசிவு என்று முடிவு கட்டுதல் தவறு. முதலில் முடிவெண்ணைக் காண வேண்டும். முதல் நிரலைத் தனியே இயக்கியபோது அதன் முடிவெண் 137 எனத் தெரிந்தது. ஒரு நிரல் சைகையால் கொல்லப்பட்டால், ஷெல் அச்சைகையின் எண்ணுடன் 128ஐக் கூட்டித் தருகிறது. 137இலிருந்து 128ஐக் கழிக்க 9 எஞ்சும். ஒன்பதாம் சைகை என்பது மறுப்பதற்கு இடமில்லாத கொலைச் சைகை. ஆயினும் அதனை அனுப்பியவர் யார் என்பதை இவ்வெண் கூறாது. ஒரு பணியாளரே அனுப்பியிருக்கலாம். ஆகவே 'டி-மெசேஜ்' என்று நாங்கள் வழங்கும் கட்டளையால் கெர்னலின் பதிவைப் பார்த்தோம். நினைவகம் தீர்ந்தமையால் இந்நிரல் கொல்லப்பட்டது என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தின் போக்கு ஒன்றை இவ்விடத்தில் அறிந்துகொள்ளுதல் நலம். நிரல்கள் கேட்கும் நினைவகத்தை அது தாராளமாக ஒப்புக்கொள்கிறது. உண்மையில் நிரல் அவ்விடத்தில் எழுதத் தொடங்கும்போதுதான் 4,096 பைட்டுகள் கொண்ட பக்கம் பக்கமாக ஒதுக்கித் தருகிறது. கையிருப்பைவிட அதிகமாக வாக்களித்துவிட்டு, பின்னர் எல்லோரும் ஒருங்கே கேட்டு வரும்போது பற்றாக்குறை நேர்ந்தால், மிகுதியாக நினைவகத்தைப் பிடித்திருக்கும் நிரலொன்றைத் தேர்ந்து கொன்றுவிடுகிறது. ஆகவே 'மாலக்' வெற்றி பெற்றது என்பதனால் நினைவகம் கிடைத்துவிட்டது என்று எண்ணுதல் கூடாது. இதனாலேயே ஒரு நிரலுக்கு இரண்டு அளவுகள் கூறப்படுகின்றன. ஒன்று, அது கேட்டுப் பெற்ற மொத்த முகவரிப் பரப்பு. மற்றொன்று, உண்மையில் நினைவகத்தில் தங்கியிருக்கும் பக்கங்களின் அளவு. முன்னதைக் கண்டு அஞ்சுவோர் பலர். நாம் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் பின்னதே.

'ஃப்ரீ' என்று சி மொழிச் செயற்கூற்றின் பெயரையே கொண்ட கட்டளையொன்றும் உண்டு. அது காட்டும் பட்டியலில் வெற்று நினைவகம் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு கசிவு என்று அலறுவோரையும் கண்டிருக்கிறேன். லினக்ஸ் தளம் சும்மா இருக்கும் நினைவகத்தில் அண்மையில் படித்த கோப்புகளின் படிகளை வைத்துக்கொள்கிறது. வேண்டும்போது உடனே விட்டுக்கொடுக்கும். அப்பட்டியலில் 'கிடைக்கக்கூடியது' என்னும் பத்தியையே நோக்க வேண்டும். இம்மதிப்பைக் கெர்னல் தானே கணித்துத் தருவது 2014இல் வெளியான 3.14ஆம் பதிப்பிலிருந்து தொடங்கிற்று.

கசிவு போலத் தோன்றுபவை

குழாய்த் தொடரில் பல கருவிகள் இருக்கும்போது, பருத்து வருவது எது என்பதை 'பி.எஸ்.' அல்லது 'டாப்' கட்டளையால் தனித்தனியே பார்த்தல் வேண்டும். பருத்து வரும் கருவியில் கசிவே இல்லாமலும் இருக்கலாம். வரிகளை எண்ணும் கருவி எவ்வளவு பெரிய கோப்பாயினும் சிறிதளவு நினைவகத்தோடு நிறைவுறும். வரிசைப்படுத்தும் 'சார்ட்' கருவியோ எல்லா வரிகளையும் கண்ட பின்னரே முதல் வரியை எழுத முடியும். ஆகவே அது நினைவகத்தை நிறையக் கேட்கும், போதாதபோது தற்காலிகக் கோப்புகளில் பகுதி பகுதியாக எழுதி வைத்துப் பின்னர் ஒன்று சேர்க்கும். ஆக் கருவியில் ஒவ்வொரு புதிய சொல்லுக்கும் ஓர் அணி உறுப்பை உண்டாக்குமாறு எழுதினால், சொற்கள் பெருகப் பெருக அதுவும் பெருகும். அது கருவியின் குற்றம் அன்று. நாம் இட்ட கட்டளையின் விளைவு.

'க்ரெப்' என்னும் தேடு கருவி வரி வரியாகப் படிப்பது. வரிமுடிவுக் குறியே இல்லாத பல கிகாபைட்டுக் கோப்பை அதனிடம் கொடுத்தால், முழுக் கோப்பையும் ஒரே வரியாகக் கொள்ள முயன்று நினைவகம் போதவில்லை என்று கைவிரித்துவிடும். இன்னும் வேடிக்கையான ஒன்று: குற்றம் கருவியில் இல்லாமல், அது எழுதுவதைக் காட்டும் முனையச் சாளரத்தில் இருக்கக்கூடும். முந்திய வரிகளை எல்லையின்றிச் சேர்த்து வைக்குமாறு அச்சாளரம் அமைக்கப்பட்டிருந்தால், இலட்சக்கணக்கான வரிகளை அச்சிடும் கருவி ஒல்லியாகவே இருக்க, சாளரம் பருத்துக்கொண்டே போகும்.

அளத்தலும் கணக்கிடுதலும்

இனி எங்கள் நிரலுக்குத் திரும்புவோம். கசிவு உண்டா என்பதை அறிய நான் மிகவும் விரும்பும் சோதனை ஒன்று உண்டு. அதற்குச் சிறப்பான கருவி ஏதும் வேண்டியதில்லை. ஒரே கோப்பை நிரலுக்கு நூறு முறை கொடுப்பது. பின்னர் அதே கோப்பை இருநூறு முறை கொடுப்பது. வேலை புதிதாக எதுவும் இல்லாதபோது நினைவகம் வளர்வதற்கு நியாயம் இல்லை. அளப்பதற்கு 'டைம்' என்னும் கட்டளை போதும். ஷெல்லுக்குள்ளேயே அமைந்துள்ள அப்பெயருடைய சொல் இதற்கு உதவாது. தனிக் கருவியாக நிறுவப்பட்டுள்ள குனூ டைமை, விரிவான விவரம் கேட்கும் விருப்பத்தோடு இயக்க வேண்டும். நிரல் ஒரு கணத்தில் பிடித்திருந்த மீப்பெரு நினைவக அளவை அது கிலோபைட்டுகளில் தெரிவிக்கும்; இங்கே ஒரு கிலோபைட்டு என்பது 1,024 பைட்டுகள்.

2019ஆம் ஆண்டின் கோப்பு ஒன்றை எடுத்துச் சோதித்தோம். நூறு முறைக்கு 6,500 கிலோபைட்டுகள். இருநூறு முறைக்கும் அதுவே. கசிவு இல்லை! இங்கேதான் நாங்கள் ஏறத்தாழ அரை நாளை வீணாக்கினோம். நிரல் குற்றமற்றது என்று தீர்மானித்து, பொறியின் நினைவகத்தையும் பிற நிரல்களையும் குறை கூறிக்கொண்டிருந்தோம். பின்னர், பத்து வினாடிக்கு ஒருமுறை நிரலின் அளவையும் அது படித்துக்கொண்டிருந்த கோப்பின் பெயரையும் குறித்துவருமாறு ஒரு சிறு ஷெல் கட்டளைத் தொகுப்பை எழுதி முழு ஓட்டத்தையும் கவனித்தோம். வளர்ச்சி சீராக இல்லை. சில நாட்களின் கோப்புகளுக்கு அளவு அசையாதிருந்தது. சில நாட்களுக்குப் படிக்கட்டுபோல் ஏறிற்று. படி ஏறிய நாட்களின் கோப்புகளைத் திறந்து பார்த்தபோது, அவை அனைத்திலும் ஏதேனும் ஓர் இடத்தின் அளவு விடுபட்டிருந்தது. முற்பட்ட ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிக் கோப்புகள் அவ்வாறு குறையுடையவை. நாங்கள் சோதனைக்கு எடுத்த 2019ஆம் ஆண்டுக் கோப்போ குறையற்றது.

உடனே 1993ஆம் ஆண்டின் குறையுடைய கோப்பு ஒன்றைக் கொண்டு முன்கூறிய சோதனையை மீண்டும் செய்தோம். நூறு முறைக்கு 1,94,000 கிலோபைட்டுகள். இருநூறு முறைக்கு 3,81,500. இவ்விரண்டின் வேறுபாடு 1,87,500. வேறுபாட்டைக் காண்பதனால் நிரலுக்கு எப்பொழுதும் வேண்டியிருக்கும் நிலையான பகுதி கழிந்துவிடுகிறது என்பதை வாசகர் கவனிக்க. ஆகவே ஒரு கோப்புக்குக் கசிவது 1,875 கிலோபைட்டு. அதனை 1,024ஆல் பெருக்கினால் 19,20,000 பைட்டுகள்.

இந்த எண்ணைச் சற்று உற்று நோக்குவோம். இடங்கள் 10,000, மணிகள் 24, ஒரு மதிப்புக்கு 8 பைட்டுகள். இம்மூன்றின் பெருக்குத் தொகை 19,20,000. ஆகவே கசிந்தது ஏதோ தெரியாத சில்லறை அன்று. ஒரு நாளின் முழு அளவுகளையும் தாங்கும் துண்டு, ஒன்று கூடாமலும் குறையாமலும், குறையுடைய கோப்பு ஒவ்வொன்றுக்கும் தொலைந்துகொண்டிருந்தது. நிரலில் அந்த அளவுள்ள துண்டு இரண்டே இடங்களில்தான் கேட்டுப் பெறப்பட்டது. தேட வேண்டிய பரப்பு சில நூறு வரிகளிலிருந்து சில வரிகளாகச் சுருங்கிவிட்டது.

மரண நேரமும் இக்கணக்கோடு பொருந்தியது. எங்கள் பொறியில் 8 கிகாபைட்டு நினைவகம்; மற்றவை போக ஏறக்குறைய 600 கோடி பைட்டுகள் இந்நிரலுக்குக் கிடைக்கக்கூடியவை. 600 கோடியை 19,20,000ஆல் வகுத்தால் 3,125. கோப்புகளில் பாதி குறையுடையவை என்றால் 6,250ஆம் கோப்பை அண்டியே நிரல் மடிய வேண்டும். மடிந்ததும் அங்கேதான். கசிவின் வேகத்தையும் கையிருப்பையும் அறிந்தால் பொறி எப்போது விழும் என்பதை முன்னரே கூறிவிடலாம். கூறியது பலித்தால் நோயைச் சரியாகப் பிடித்துள்ளோம் என்பது உறுதி. பலிக்காவிடில் இன்னொரு கசிவும் எங்கோ இருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

வால்கிரைண்ட்

ஐயத்தை முற்றும் தீர்ப்பதற்கு 'வால்கிரைண்ட்' என்னும் கருவியை நாடினோம். ஜூலியன் சீவார்ட் உருவாக்கிய இக்கருவி 2002ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. இதன் 'மெம்செக்' என்னும் பகுதி, நிரலை ஒரு கற்பனைப் பொறியில் இயக்குவதுபோல் ஒவ்வோர் ஆணையாகக் கண்காணித்து, கேட்டுப் பெறப்பட்ட ஒவ்வொரு துண்டையும் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே நிரலின் வேகம் இருபது முப்பது மடங்கு குறைந்துவிடும். முப்பது ஆண்டுக் கோப்புகளை இதன்கீழ் இயக்குவது அறிவுடைமை அன்று. பத்துக் கோப்புகள் போதும். ஆனால் எந்தப் பத்து என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் பத்துக் கோப்புகளைக் கொடுத்திருந்தால் வால்கிரைண்டும் எங்களைப் போலவே ஏமாந்திருக்கும். இயங்காத வரியில் உள்ள பிழையை எந்தக் கண்காணிப்பும் காணாது. நிரலை மொழிபெயர்க்கும்போது பிழைதேடும் குறிப்புகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்வதும் அவசியம். இல்லாவிடில் வரி எண்களுக்குப் பதிலாக வெறும் முகவரிகளே அறிக்கையில் காணப்படும்.

வால்கிரைண்டின் அறிக்கை திருப்பித் தரப்படாத துண்டுகளை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. முகவரி எங்கும் எஞ்சியிராதது உறுதியாகத் தொலைந்தது. தொலைந்த ஒரு துண்டுக்குள் மட்டுமே முகவரி இருந்தமையால் கூடவே தொலைந்தது இரண்டாம் வகை. துண்டின் தொடக்கத்தை அன்றி நடுப்பகுதியைச் சுட்டும் முகவரி மட்டும் எஞ்சியிருப்பது தொலைந்திருக்கக்கூடியது. முகவரி கையில் இருந்தும் முடிவில் திருப்பித் தரப்படாதது நான்காம் வகை. முதல் வகையைச் சரிசெய்தால் இரண்டாவது பெரும்பாலும் தானே மறையும். நான்காவதைக் கண்டு புதியவர்கள் மிகவும் கலங்குவர். கட்டளை வரிக் கருவிகளில் அது அநேகமாகத் தீங்கற்றது. ஓட்டம் நீள நீள அதுவும் வளருமாயின் மட்டுமே கவலை கொள்ள வேண்டும். அவ்வகை வளர்ச்சியைக் காண அதே தொகுப்பில் 'மாசிஃப்' என்னும் பகுதி உதவும்.

நிரலை மீண்டும் மொழிபெயர்க்க இயலுமாயின் 'அட்ரஸ் சானிடைசர்' என்னும் வழியும் உண்டு. இதனை கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2012இல் ஒரு கட்டுரை வாயிலாக வெளியிட்டனர். சோதனை வரிகளை நிரலுக்குள்ளேயே மொழிபெயர்ப்பி சேர்த்துவிடுவதால், இது வால்கிரைண்டைவிடப் பன்மடங்கு விரைவானது.

1993ஆம் ஆண்டின் குறையுடைய பத்துக் கோப்புகளுக்கு வால்கிரைண்ட் தந்த விடை: உறுதியாகத் தொலைந்தவை 10 துண்டுகள், மொத்தம் 1,92,00,000 பைட்டுகள். எந்த வரியில் அவை கேட்டுப் பெறப்பட்டன என்பதும் இருந்தது. அவ்வரிக்குச் சற்றுக் கீழே பிழை வெளிப்பட்டது. விடுபட்ட மதிப்பு ஒன்றைக் கண்டால், நிரல் அதே அளவில் புதிய துண்டொன்றைப் பெற்று, விடுபட்டவற்றைக் குறியிட்டு அதில் படியெடுத்தது. பின்னர் புதிய துண்டின் முகவரியை, பழைய துண்டின் முகவரி இருந்த அதே மாறியில் எழுதிவிட்டது. பழைய சீட்டின்மேலேயே புதிய விலாசத்தை எழுதியதற்கு இது ஒப்பு. முடிவில் புதிய துண்டு முறையாகத் திருப்பித் தரப்பட்டது. எழுதியவர் அதனைக் கண்டு மனநிறைவு அடைந்திருப்பார்.

திருத்தம் இரண்டு வரிகள்தான்: புதிய முகவரியை முதலில் வேறொரு மாறியில் வைத்துக்கொண்டு, படியெடுத்து முடிந்தபின் பழைய துண்டைத் திருப்பித் தந்து, அதன்பின் முகவரியை மாற்றுதல். வரிசை மாறலாகாது. படியெடுக்கும் முன்னரே பழையதைத் திருப்பித் தந்தால், பிறருக்கு உரியதாகிவிட்ட இடத்திலிருந்து படிக்க நேரும். ஒரே துண்டை இருமுறை திருப்பித் தந்தால் நிரல் உடனே மடியலாம், அல்லது மடியாமல் தவறாக ஓடலாம். கசிவை அடைக்கும் அவசரத்தில் இவற்றை உண்டாக்குவோர் உளர்; கசிவைக் காட்டிலும் இவை கொடியவை. துண்டின் அளவைப் பெருக்கும் 'ரீயலக்' என்னும் செயற்கூற்றிலும் இதே பொறி மறைந்திருக்கிறது. அது தோல்வியுற்றால் வெற்று முகவரியைத் தரும். அதனைப் பழைய மாறியிலேயே வாங்கிக்கொண்டால், இன்னும் உயிரோடு உள்ள பழைய துண்டு தொலைந்துவிடும்.

மூல நிரல் கையில் இல்லாதபோது

பிறர் எழுதிய கருவியாக இருந்து, மூல நிரலும் கிடைக்காவிடில் செய்வது என்ன? நிரல் முடிவுற்றால் இயங்குதளம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று முன்பு கூறினோமல்லவா? அதனையே பயன்படுத்திக்கொள்ளலாம். முப்பது ஆண்டுக் கோப்புகளையும் ஒரே ஓட்டத்தில் கொடாமல், ஆண்டுக்கு ஓர் ஓட்டமாக முப்பது முறை இயக்கினால், ஒவ்வொரு முறையும் நினைவகம் புதிதாகத் தொடங்கும். 'எக்ஸ்-ஆர்க்ஸ்' என்னும் கருவி, ஒரு தடவைக்கு இத்தனை கோப்புகள் என்று பகுத்துக் கொடுக்க வல்லது. இதனை இழிவான உபாயம் என்று சிலர் ஒதுக்குவர். எனக்கு அவ்வெண்ணம் இல்லை. கருவி எவ்வளவு கசிகிறது என்பதை அளந்து, அதற்கேற்பத் தொகுதியின் அளவைத் தீர்மானித்துச் செய்வது நேர்மையான பொறியியலே. அளவாமல், விழுந்தால் மீண்டும் தொடங்குவோம் என்று இருப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

அத்துடன் 'யூலிமிட்' என்னும் ஷெல் கட்டளையால் ஓட்டத்தின் முகவரிப் பரப்புக்கு ஓர் உச்சவரம்பு விதித்துவிடுவதும் நன்று. வரம்பைத் தாண்டக் கேட்டால் 'மாலக்' மறுக்கப்படும். ஒழுங்காக எழுதப்பட்ட நிரல் அதனைத் தெரிவித்துவிட்டு நிற்கும். கெர்னல் யாரைக் கொல்வது என்று தேட நேராது. அதே பொறியில் இயங்கும் அயலார் நிரல்களும் தப்பும்.

திருத்திய நிரலை 1993ஆம் ஆண்டுக் கோப்பைக் கொண்டு நூறு முறையும் இருநூறு முறையும் இயக்கினோம். இரண்டிலும் 8,375 கிலோபைட்டு. பின்னர் பைப்ஃபெயில் விருப்பத்துடன் முழு ஓட்டத்தையும் மாலையில் தொடங்கினோம். காலையில் கடைசிப் பத்தியை முதலில் பார்த்தோம். 10,958 என்று இருந்தது.